பாட்டி சமைக்க மறுத்த கிழங்கு

செனாய் என்றதும் பலருக்கு 1974-இல் திறக்கப்பட்ட விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். என் பாட்டிக்கு அது பால்மரக்காடு. இன்று தாமான் வீடுகளும் தொழிற்சாலைகளும் நிற்கும் இடங்களைக் காட்டி, "இங்கேதான் என் நெரை இருந்துச்சு" என்பார்.

குடும்ப உணவு மரபைப் பற்றி எங்களுக்கு ஓர் இடுபணி. மரவள்ளிக்கிழங்கு அவித்துக் காட்டுங்கள் என்று பாட்டியிடம் கேட்டேன். மறுத்துவிட்டார்.

"அது என்ன பாரம்பரியமா? பஞ்சம்மா அது! கோழிக்கறி ஆக்கித் தரேன், அதை எழுது."

காரணம் இருக்கிறது. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியை பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கித்தான் சாப்பிட்டது. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் அந்த வரத்து குறைந்தது. 1945 வரை பல தோட்டத்து வீடுகளில் மரவள்ளியும் சக்கரைவள்ளியும்தான் சோறு. அதே காலத்தில்தான் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பாட்டி போருக்குப் பின் பிறந்தவர். ஆனால் அவருடைய அம்மா அந்த மூன்றரை ஆண்டுகளைக் கடந்தவர். சாகும்வரை அந்தக் கிழங்கை அவர் வாயில் வைக்கவில்லையாம். ஆனாலும் லயத்துக்குப் பின்னால் நாலு குச்சி நட்டு வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. எனக்கு இதுதான் பாரம்பரியமாகத் தெரிகிறது.

சமைக்க மாட்டேன் என்றவர், செய்முறையை மட்டும் சொல்லிக்கொண்டே போனார். மேல்தோலோடு உள்ளே இருக்கும் கெட்டித் தோலையும் உரிக்க வேண்டும். நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கசக்கிற கிழங்கைத் தொடவே கூடாது. மரவள்ளியில் சயனைடை உண்டாக்கும் பொருள் இருப்பதால் நாம் பாடத்தில் படிக்கும் எச்சரிக்கையும் இதுவே. பள்ளிக்கூடம் போகாத கொள்ளுப்பாட்டிக்கு இது எப்படியோ தெரிந்திருக்கிறது.

அமெரிக்காவில் எட்னா லூயிஸ் என்ற கறுப்பினச் சமையல் கலைஞர் இருந்தார். விடுதலை பெற்ற அடிமைகள் உருவாக்கிய ஃப்ரீடவுன் என்ற வர்ஜீனியா கிராமத்தில் 1916-இல் பிறந்தவர். அந்தக் கிராமத்து மக்கள் எந்தப் பருவத்தில் எதைச் சாப்பிட்டார்கள் என்பதை 1976-இல் ஒரு நூலாகவே எழுதினார். அங்கே பிரபலமான 'கம்போ' குழம்பின் பெயரும் வெண்டைக்காயைக் குறிக்கும் ஓர் ஆப்பிரிக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆக, கப்பலில் சங்கிலியோடு வந்தவர்களின் சொல் அடுப்படியில் தப்பியிருக்கிறது. நம்மவர்கள் வந்த கதை வேறு. ஆனாலும் அடுப்படி ஒன்றுதான்.

2024 டிசம்பரில் மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் எல்லாம் அதில் உண்டு. மகிழ்ச்சிதான். ஆனால் அவை கடையில் கிடைப்பவை. நாம் மறந்தாலும் கடைக்காரர் மறக்க மாட்டார். இருட்டில் மரம் வெட்டப் போய், மங்கில் பால் வடியும் நேரத்தில் நெரையில் உட்கார்ந்து பசியாறிய பழைய சோற்றுக்கும் வரக்கோப்பிக்கும் கடை ஏது?

உங்கள் வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். "பாரம்பரிய உணவு என்ன?" என்று கேட்டால் தீபாவளிப் பலகாரத்தைச் சொல்லி முடித்துவிடுவார்கள். "சம்பளம் போட்ட அன்று என்ன ஆக்குவீர்கள், மாதக் கடைசியில் என்ன ஆக்குவீர்கள்?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்விக்குப் பாட்டி இரண்டு மணி நேரம் பேசினார். மாதக் கடைசியில் கடையில் கணக்கு ஏறியிருக்கும். அப்போது கருவாடு, ரசம், வேலியோரத்துக் கீரை. அளவெல்லாம் பால் டின் கணக்கு. கிராம் கேட்டால் சிரிக்கிறார்.

இதுவரை பதினொரு சமையலை எழுதி வைத்திருக்கிறேன். அவற்றில் ஒரு கீரைக்குப் பாட்டிக்கே பெயர் தெரியவில்லை. பார்த்தால் தெரியும் என்கிறார், ஆனால் பார்ப்பதற்கு அந்த வேலி இல்லை. கூலாயில் இருக்கும் பெரிய பாட்டிக்குத் தெரியுமாம். அவருக்கு வயது எண்பத்தாறு. வரும் சனிக்கிழமை போகிறேன்.