இருமத் தெம்பில்லையா? கை கொடுங்கள்!

இருமல் வந்தால் உடனே நிறுத்தத்தானே மருந்து கேட்கிறோம்? ஆனால், 'பலமாக இரும முடியவில்லையே' என்று கவலைப்படுகிற வீடுகளும் உண்டு. தசைச்சிதைவு போன்ற நோயால் தசைகள் நாளுக்கு நாள் பலமிழக்கும் பிள்ளையோ பெரியவரோ இருக்கிற வீடுகள் அவை.

உடம்பின் பதினான்கு வேகங்களை அடக்கக்கூடாது என்கிறது சித்த மருத்துவம். தும்மல், கொட்டாவி, பசி என்று நீளும் அந்தப் பட்டியலில் இருமலும் ஒன்று. காரணம் எளியது. நுரையீரலைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் துடைப்பம் இருமல்தான்.

இருமலில் மூன்று வேலைகள் இருக்கின்றன. நிறையக் காற்றை உள்ளே இழுக்க வேண்டும். தொண்டையை மூடி அதை அடக்க வேண்டும். பிறகு வயிற்றுத் தசைகள் இறுக, காற்று வெடித்து வெளியேற வேண்டும். ஆரோக்கியமான பெரியவர் இருமினால் காற்றின் வேகம் நிமிடத்துக்கு 360 லிட்டரைத் தாண்டும். 270-க்குக் கீழே போனால் உதவி தேவை. 160-க்கும் குறைந்தால் சளி வெளியே வராது. ஆஸ்துமாக்காரர்கள் ஊதிப் பார்க்கும் பீக் ஃப்ளோ மீட்டரில் இருமச் சொல்லியே இதை அளந்துவிடலாம்.

செங்கல்பட்டிலிருந்தும் மாமல்லபுரம் கடற்கரை ஊர்களிலிருந்தும் வருகிற பெற்றோர், "சளியைக் கரைக்கக் கஷாயம் கொடுங்க டாக்டர்" என்பார்கள். ஆடாதொடையும் திப்பிலியும் சளியை இளக்கும், சரி. இளகியதை வெளியே தள்ளத் தசை வேண்டுமே! அந்த வேலையை எந்தக் கஷாயமும் செய்யாது. இருமலை அடக்கும் சிரப்போ இவர்களுக்கு ஆபத்து.

மூச்சின் மேல் மூச்சு

முதலில் காற்றை நிரப்ப வேண்டும். ஒரு மூச்சு இழுத்து, விடாமல் அதன்மேல் இன்னொன்று, இன்னொன்று என மூன்று நான்கு முறை சேர்க்க வேண்டும். முடியாதவர்களுக்கு ஆம்பு பேக் என்கிற அமுக்குப் பையில், காற்று திரும்பாதபடி வால்வு பொருத்திக் கொடுப்பார்கள்.

கையால் உதவி

நோயாளியைச் சாய்த்து உட்கார வையுங்கள். தொப்புளுக்கு மேலே, விலா எலும்புகளுக்குக் கீழே உங்கள் உள்ளங்கை இருக்கட்டும். நெஞ்செலும்பின் நுனியில் படக்கூடாது. காற்று நிரம்பியதும் "ஒன்று, இரண்டு, மூன்று, இருமு!" என்று சொல்லி, அவர் இருமும் அதே நொடியில் உள்ளேயும் மேலேயும் அழுத்துங்கள். மூன்று நான்கு தடவை செய்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விலா முறிவு, சமீபத்திய வயிற்று ஆபரேஷன், கர்ப்பம் இருந்தால் அழுத்தவே கூடாது. நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்றுக் கசிந்தவர்களுக்குப் பையும் ஆகாது. எதையும் ஃபிசியோதெரபிஸ்ட் முன்னால் செய்து பழகிய பிறகே வீட்டில் செய்யுங்கள்.

இதுவும் போதாதவர்களுக்கு இருமல் இயந்திரம் இருக்கிறது. முகமூடி வழியே காற்றைச் செலுத்தி, சட்டென்று உறிஞ்சி எடுக்கும். 1950-களில் போலியோ நோயாளிகளுக்காக அமெரிக்காவில் வந்தது. விலைதான் அதிகம். கைக்கோ செலவே இல்லை.

எங்கே கற்பது?

செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஃபிசியோதெரபி பிரிவில் கேளுங்கள். கடற்கரைப் பக்கம் இருப்பவர்கள், முட்டுக்காட்டில் 2005-ல் தொடங்கிய பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் விசாரிக்கலாம்.

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரில் 95-க்குக் கீழே காட்டினால் சளி அடைத்திருக்கக்கூடும். கைவைத்தியம் பார்க்காமல், வீட்டில் ஆக்ஸிஜன் மட்டும் வைத்துக்கொண்டு காத்திருக்காமல், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

ஐப்பசி மழையில் ஜலதோஷம் பிடித்த பிறகு கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. பிள்ளை நன்றாக இருக்கும்போதே அம்மா, அப்பா, பாட்டி என்று வீட்டில் இரண்டு பேராவது பழகி வைத்திருங்கள்.