தகரக் கூரையும் எலிப்பொறிச் சுவரும்

அருள்புரத்துப் பனியன் கம்பெனிகளில், சித்திரை வெயிலிலே தகரக் கூரையின்கீழ் அமர்ந்து தைக்கும் சகோதர சகோதரிகளின் அவஸ்தையை முதலாளிமார் அறியாதவரல்லர். மின்விசிறியோ அந்த உஷ்ணக் காற்றையே சுழற்றித் தருகிறது.

இதற்குப் பரிகாரம் தேடிச் சீமைக்குப் போகவேண்டுவதில்லை. பிறப்பால் ஆங்கிலேயரான லாரி பேக்கர் (1917–2007) திருவனந்தபுரத்தில் குடியேறிக் கட்டிக்காட்டியிருக்கிறார். ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளைக் கொண்டே வீடு எழுப்பவேண்டும் என்ற காந்தியடிகளின் கருத்தை அவர் வேதமாகக் கொண்டார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே சுமார் 3 அங்குலம் வெற்றிடம் விட்டுக் கட்டுவதே ‘எலிப்பொறி’ச் சுவர். செங்கல்லில் ஏறக்குறைய 25 சதவிகிதம் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது இரும்புக் கம்பியேயன்றிக் கான்கிரீட் அன்று. ஆகவே கம்பிகளுக்கிடையே கழித்துப்போட்ட மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பெற்ற தக்ஷிணசித்ராவும் அவர் வகுத்ததே.

நாமோ, பழைய வீடுகளை இடித்து, ஓட்டையும் உத்திரத்தையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுத் தகரம் வாங்குகிறோம். இது என்ன கணக்கோ! மாதிரித் துணி வெட்டும் ஒரு சிறு கூடத்தையேனும் அருள்புரத்து முதலாளி ஒருவர் இவ்விதம் கட்டுவாராக. மறு சித்திரையில், அங்கே துணி வெட்டும் மாஸ்டரையே நாம் நேரில் சென்று கேட்கச் சித்தமாயிருக்கிறோம்.