பிந்தி வீடு திரும்பியவன்

1950ஆம் ஆண்டு, வசந்த காலம். பிரான்ஸில் போர்க்கைதியாக இருந்த தாமஸ் என்னும் இளைஞன் பெர்லினுக்கு ரயிலேறி வருகிறான். பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதில் சீருடை மாட்டிப் போர்முனைக்கு அனுப்பப்பட்டவன். சண்டை ஓய்ந்து ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அவனைப் பற்றிய தாள்கள் எங்கோ தவறிப்போனதால் அவனுடைய விடுதலை மட்டும் தள்ளிக்கொண்டே போயிற்று. வழி நெடுக அம்மாவின் முகம்தான் நினைப்பு. வந்து சேர்ந்த பிறகுதான் தெரிகிறது, அம்மா மறுமணம் செய்துகொண்டுவிட்டார் என்று.

மேவிஸ் கேலண்ட் 1974இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதிய ‘தி லேட்ஹோம்கமர்’ என்ற சிறுகதை இப்படித்தான் தொடங்குகிறது. தலைப்பைத் தமிழில் ‘பிந்தி வீடு திரும்பியவன்’ என்று சொல்லலாம்.

நம் ஊர்த் திரைப்படமாக இருந்தால் அடுத்த காட்சியில் கண்ணீரும் கைகலப்பும் இருக்கும். கேலண்டின் கதையில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. புதிய கணவர் கெட்டவர் இல்லை. அம்மாவுக்குப் பாசம் குறையவில்லை. பக்கத்து வீட்டார் வருகிறார்கள், பேசுகிறார்கள், சாப்பிடுகிறார்கள். ஆனால் அந்த ஐந்து ஆண்டுகளில் வீடு அவன் இல்லாமலே வாழப் பழகிவிட்டது. கடைசியில் அவனுக்கு ஒரே ஓர் ஆசைதான் எஞ்சுகிறது. சில மணி நேரம் பின்னால் போய், நெரிசலான அந்த ரயிலில் நின்றபடி அம்மாவின் முகத்தைத் தேடிக்கொண்டே இருந்திருக்கலாமே என்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஐரோப்பாவில் இடம்பெயர்வைப் பற்றி எழுதப்பட்ட சிறுகதைகளில் நான் திரும்பத் திரும்பப் படிப்பது இந்த வகையைத்தான். அகதி என்றால் மூட்டை முடிச்சோடு எல்லையைக் கடப்பவர் என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். இந்தக் கதைகளோ போனவர்களைவிடத் திரும்பி வந்தவர்களையும், திரும்பவே முடியாமல் நடுவழியில் நின்றுவிட்டவர்களையும் கூர்ந்து பார்க்கின்றன.

தாமஸைப் போன்றவர்களைக் குறிக்க ஜெர்மன் மொழியில் தனிச் சொல்லே உண்டு: ஷ்பேட்ஹைம்கேரர். அதுதான் கதையின் ஆங்கிலத் தலைப்பாயிற்று. ஒரு சொல்லே பிறக்க வேண்டிய அளவுக்கு அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். மேற்கு ஜெர்மனியின் பிரதமர் ஆடனாவர் 1955 செப்டம்பரில் மாஸ்கோவுக்குப் போய்ப் பேசிய பிறகே, சோவியத் யூனியனில் எஞ்சியிருந்த சுமார் 10,000 போர்க்கைதிகள் ஊர் திரும்பினார்கள். இவர்கள் ஒரு பக்கம் என்றால், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து விரட்டப்பட்டும் தப்பியோடியும் வந்த ஜெர்மானியர்கள் ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பேர். முகாம்களிலிருந்து உயிர் தப்பிய யூதர்கள், ஊருக்குப் போக அஞ்சிய போலந்துக்காரர்கள், உக்ரேனியர்கள், பால்டிக் நாட்டவர் இன்னொரு பக்கம். இன்றைக்கு உலகெங்கும் அகதிகளுக்குப் பொருந்தும் 1951 ஒப்பந்தம்கூட முதலில் இவர்களை மனத்தில் வைத்துத்தான் எழுதப்பட்டது. 1951 ஜனவரி 1க்கு முன் நடந்தவற்றால் அகதியானவர்களுக்கு மட்டுமே அது செல்லும் என்று வரம்பு இருந்தது. அந்த வரம்பு நீங்கியது 1967இல்தான்.

படங்களுக்கு எழுத மறுத்த உரிச்சொற்கள்

கேலண்ட் ஐரோப்பியர் அல்லர். 1922இல் கனடாவின் மொண்ட்ரியல் நகரில் பிறந்தவர். நான்கு வயதில் விடுதிப் பள்ளி. வளர்ந்து முடிப்பதற்குள் 17 பள்ளிகள். பத்து வயதில் தந்தை இறந்துபோனார். ஆனால் அவரிடம் அதை யாரும் சொல்லவில்லை. அப்பா இங்கிலாந்துக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்றே சொல்லி வந்தார்கள். சில ஆண்டுகள் காத்திருந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. ‘திரும்பி வருவார்’ என்ற வாக்கியத்தின் மீது இவருக்கு எப்போதும் ஒரு சந்தேகம் இருப்பதில் வியப்பில்லை.

1945இல் மொண்ட்ரியல் வார இதழ் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நாஜி வதைமுகாம்களின் முதல் புகைப்படங்கள் அவர் மேசைக்கு வந்தன. படக்குறிப்பு எழுதச் சொன்னார்கள். அப்போது அவருக்கு வயது 22. கொடூரம், பயங்கரம் போன்ற சொற்கள் எதுவும் அந்தப் படங்களுக்குத் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றியது. அவரைக் குடைந்தது வேறு கேள்வி. படித்த, பண்பட்ட ஒரு சமூகத்தின் சாதாரணக் குடும்பங்களுக்குள் இது எப்படி முளைத்தது? அவர் எழுதியது அச்சாகவில்லை. கேள்வி மட்டும் கூடவே வந்தது. 1950இல் வேலையை விட்டுவிட்டு ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். பாரிஸில் வாழ்ந்து, நூற்றுக்கும் மேற்பட்ட கதைகளை ‘நியூ யார்க்கர்’ இதழில் எழுதி, 2014இல் அங்கேயே இறந்தார்.

அந்தத் தொடக்க ஆண்டுகள் சுலபமாக இருக்கவில்லை. 1952இல் மாட்ரிட் நகரில் பட்டினி கிடந்தார். கதைகள் விலைபோகவில்லை என்று அவருடைய முகவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் நூலகத்தில் ஒரு பழைய இதழைப் புரட்டியபோது அதில் தன் கதையே அச்சாகியிருந்ததைப் பார்த்தார். பணம் முகவரின் பைக்குள் போயிருந்தது. அன்னிய ஊரில் கையில் காசில்லாமல், முகவரி மாறிக்கொண்டே இருப்பவர்களின் நிலைமை அவருக்கு ஏட்டறிவு அல்ல.

ஜெர்மானியரைப் பற்றிய அவருடைய கதைகள் சில வாசகர்களைச் சங்கடப்படுத்தக்கூடும். குற்றம் செய்த தரப்பில் இருந்தவர்களுக்கு ஏன் இத்தனை பக்கங்கள்? நியாயமான கேள்விதான். ‘எர்ன்ஸ்ட் இன் சிவிலியன் க்ளோத்ஸ்’ என்ற 1963ஆம் ஆண்டுக் கதையைப் பாருங்கள். எர்ன்ஸ்ட் சிறு வயதிலேயே ஹிட்லரின் சிறுவர் படையில் சீருடை அணிந்தவன். போர் முடிந்து கைதியானபோது பிரெஞ்சு அன்னியர் படையில் சேர்ந்தான். இந்தோசீனா, அல்ஜீரியா என்று அடுத்தவர் போர்களில் சண்டை போட்டான். இப்போது பாரிஸின் கடுங்குளிரில், நண்பன் வில்லியின் அறையில், வாழ்க்கையில் முதன்முறையாகச் சாதாரண உடையில் உட்கார்ந்திருக்கிறான். கையிலிருக்கும் தாள்களும் அவன் வாழ்க்கையும் முழுமையாகப் பொருந்தவில்லை. முற்றத்துக்கு அப்பால் ஒரு வீட்டில் குழந்தை அடிவாங்கி அலறுகிறது. கதை அவனை மன்னிப்பதும் இல்லை, தண்டிப்பதும் இல்லை. மொண்ட்ரியலில் எழுந்த கேள்விக்கு விடை தேடி, இந்த மனிதன் எதனால் ஆனவன் என்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

தன் வாழ்க்கையையே நடிப்பவர்கள்

எனக்கு மிகவும் பிடித்தது ‘பௌம், கேப்ரியல், 1935–( )’ என்ற கதை. தலைப்பே ஒரு கோப்பின் மேலட்டை போல இருக்கிறது. பிறந்த ஆண்டு போட்டாயிற்று, இறந்த ஆண்டுக்கு அடைப்புக்குறி காலியாகக் காத்திருக்கிறது. கேப்ரியல் ஜெர்மனியிலிருந்து பிரான்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட யூதக் குழந்தை. போரில் பெற்றோரை இழந்தவன். வளர்ந்து பாரிஸில் நடிகனாக முயல்கிறான். கிடைக்கும் வேலை என்ன தெரியுமா? நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய தொலைக்காட்சிப் படங்களில் துணை நடிகன். கூடவே நடிக்கும் ஜெர்மானிய நண்பன் டீட்டர் அந்தப் படங்களில் ஜெர்மன் சிப்பாயாக வருகிறான். வயது ஏற ஏற அவனுக்குப் பதவியும் ஏறுகிறது. சிப்பாயாகத் தொடங்கியவன் அதிகாரி வேடத்துக்கு உயர்கிறான். இருவரும் ஒரே உணவுக்கடையில் உட்கார்ந்து அடுத்த வாய்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். ஒருவனுடைய குடும்பத்தை அழித்த வரலாறு இருவருக்குமே மாதச் சம்பளமாகிவிட்டது. சிரிப்பும் வருகிறது, சிரித்த பிறகு என்னவோ செய்கிறது.

இதைப் படிக்கும்போது தமிழ் வாசகருக்கு அதே பாரிஸ் நகரத்து இன்னொரு மனிதர் நினைவுக்கு வராமல் இருக்க மாட்டார். எழுத்தாளர் ஷோபாசக்தி இளவயதில் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். பின்னர் பிரான்ஸில் அடைக்கலம் பெற்றவர். 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வென்ற ஜாக் ஓடியாரின் ‘தீபன்’ படத்தில் அவர் ஏற்ற வேடம், பிரான்ஸில் அடைக்கலம் கேட்கும் ஒரு முன்னாள் புலி. இறந்துபோன ஒருவரின் கடவுச்சீட்டில், குடும்பம் அல்லாத இருவரைக் குடும்பம் என்று சொல்லி வந்து சேரும் மனிதர். அவருடைய ‘கொரில்லா’ நாவலோ பிரெஞ்சு அரசுக்கு எழுதப்படும் அகதி விண்ணப்பத்தோடு தொடங்குகிறது. கேலண்ட் அறிந்த அந்தக் காகித உலகம் இடைப்பட்ட ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடவில்லை.

போலந்து எழுத்தாளர் ததேயுஷ் பொரோவ்ஸ்கி வேறு ரகம். அவுஷ்விட்ஸிலும் டாஹாவிலும் இருந்து மீண்டவர். விடுதலைக்குப் பிறகு அமெரிக்கப் படை அவரையும் மற்றவர்களையும் மியூனிக் அருகே ஒரு முகாமில் வைத்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த கதை ‘குருன்வால்ட் போர்’. நேற்று வரை எஸ்.எஸ். படையினர் தங்கியிருந்த கட்டடங்களில் இன்று விடுவிக்கப்பட்டவர்கள். ஆனால் வாசலில் காவல். அனுமதி இல்லாமல் வெளியே போக முடியாது. உள்ளே, 1410இல் போலந்துக்காரர்கள் ஜெர்மானியரை வென்ற போரை நாடகமாக நடித்துப் பெருமைப்பட்டுக்கொள்ள ஏற்பாடு நடக்கிறது. போலந்திலிருந்து புதிதாகத் தப்பி வந்த ஒரு யூதப் பெண் அமெரிக்கக் காவலாளியின் துப்பாக்கிக்குப் பலியாகிறாள். அதிகாரி வருத்தம் தெரிவிக்கிறார். அவருக்குக் கிடைக்கும் பதிலில் கோபம்கூட இல்லை. பொரோவ்ஸ்கி 1946இல் வார்சாவுக்குத் திரும்பினார். 1951இல் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 28. ஆந்திரே வைடா இந்தக் கதையை 1970இல் திரைப்படமாக்கினார்.

அடுத்த தலைமுறையின் குரல் டபிள்யூ. ஜி. செபால்ட். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பேராசிரியராக இருந்தவர். ‘தி எமிக்ரண்ட்ஸ்’ என்ற பெயரில் ஆங்கிலத்துக்கு வந்த அவருடைய 1992ஆம் ஆண்டு நூலில் நான்கு நெடுங்கதைகள், நடுநடுவே மங்கலான புகைப்படங்கள். அவற்றில் பள்ளி ஆசிரியர் பால் பெரைட்டரின் கதை மறக்க முடியாதது. தாத்தா ஒருவர் யூதர் என்பதற்காக ஆசிரியர் வேலை பறிக்கப்பட்டவர். அப்படியும் பிரான்ஸிலிருந்து ஜெர்மனிக்கே திரும்பி வந்து, போருக்குப் பின் அதே ஊரில் பாடம் நடத்தினார். பல ஆண்டுகள் கழித்து, முதுமையில், ரயில் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுக்கிறார். எப்போதோ நடந்தது இவ்வளவு காலம் கழித்தா ஒருவரைக் கொல்லும் என்று கேட்பவர்களுக்கு அந்த நூல் நிதானமாகப் பதில் சொல்கிறது. செபால்டின் துயரம் சில இடங்களில் ஒரே ராகத்தில் இழுபடுகிறது என்பது என் எண்ணம். கேலண்டிடம் இருக்கும் கிண்டல் அவரிடம் இல்லை.

தமிழில் ‘புலம்பெயர்’ என்ற சொல் பட்டினப்பாலையிலேயே இருக்கிறது. அங்கே அது பூம்புகாரில் பல மொழி பேசிக் கூடி இனிதாக வாழ்ந்த பிற நாட்டாரைக் குறித்தது. இன்று நாம் அந்தச் சொல்லைக் கேட்டால் நினைவுக்கு வருவது விமான நிலையமும் விண்ணப்பப் படிவமும்தான்.

புலம்பெயர்ந்தோரைப் பெற்றவர்களுக்கும் கேலண்டிடம் ஒரு கதை உண்டு. ‘ஹிஸ் மதர்’ புடாபெஸ்ட் நகரில் நடக்கிறது. மகன் கிளாஸ்கோவுக்குப் போய்விட்டான். அம்மா அங்கேயே இருக்கிறார். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்ட தாய்மார்களுக்குள் ஒரு தனி மேல்தட்டு உருவாகிறது. யாருக்குக் கடிதம் வந்தது, எந்த நாட்டுத் தபால்தலை ஒட்டியிருந்தது என்பதை வைத்து மதிப்பு கூடுகிறது, குறைகிறது. மகன் அனுப்பும் புகைப்படங்களில் அவருக்குத் தெரியாத ஒரு வாழ்க்கை வளர்ந்துகொண்டே போகிறது. அவர் மனத்தில் இருப்பதோ புறப்பட்டுப் போன அன்றைய பையன். பிள்ளைகளை மெல்பர்னுக்கோ லண்டனுக்கோ அனுப்பிவிட்டு வாட்ஸ்அப் ஒலிக்காதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இதைப் படித்தால் ஓரிடத்திலாவது நிறுத்திவிட்டுக் கைப்பேசியை எடுப்பார்கள்.

எங்கிருந்து தொடங்குவது? இந்தக் கதையும், தாமஸின் கதையும், கேப்ரியலின் கதையும் 1979இல் வந்த ‘ஃப்ரம் தி ஃபிஃப்டீன்த் டிஸ்ட்ரிக்ட்’ தொகுப்பில் இருக்கின்றன. கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாட்ஜி தேர்ந்தெடுத்த ‘பாரிஸ் ஸ்டோரீஸ்’ என்ற தொகுப்பும் நல்ல தொடக்கம். நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். முதல் வாசிப்பில் கேலண்ட் கொஞ்சம் முரண்டு பிடிப்பார். நிறையப் பெயர்கள் வரும், காலம் முன்னும் பின்னும் தாவும், முக்கியமான செய்தியைப் பேச்சுவாக்கில் அரை வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். ரயிலில் வேலைக்குப் போகும் வழியில் ஒரே மூச்சில் தொகுப்பை முடித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். ஒரு கதையைப் படித்ததும் புத்தகத்தை மூடிவைக்கும்படி வாசகருக்குச் சொன்னவர் அவரேதான். முதலில் தாமஸின் கதை. அடுத்ததற்கு ஒரு வாரம் போகட்டும்.