தலையெழுத்தா? மூளையா?

கடலூரில் மூட்டை தூக்கும் தகப்பனார், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி மகனைச் சிதம்பரத்திற்குப் படிக்க அனுப்புகிறார். ஏட்டைத் தொட்ட கை, புட்டியையும் தொடுகிறது. “அவன் தலையெழுத்து!” என்கிறது ஊர்.

தலைமேல் எழுத்தேதும் இல்லை, தோழர்களே! தலைக்குள்ளே மூளை இருக்கிறது என்கிறோம் நாம்.

1954-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஓல்ட்ஸ், மில்னர் எனும் இரு அறிஞர்கள் எலியின் மூளையில் மின்கம்பி பொருத்தினர். நெம்புகோலை அழுத்தினால் மூளைக்குள் மின்சாரம் பாயும். எலி அழுத்தியது, அழுத்தியது, அழுத்திக்கொண்டே இருந்தது!

மதுவும் அந்த வாசலைத்தான் தட்டுகிறது. டோபமின் எனும் பொருள் அங்கே பெருக, குடித்த இடம், கூடிய கூட்டாளி, மறக்க நினைத்த கவலை அத்தனையையும் மூளை குறித்துக்கொள்கிறது. பிறகு கூட்டாளியின் குரல் கேட்டாலே நாக்கு ஊறுகிறது! அடக்கவேண்டிய முன்மூளையோ, ஏறத்தாழ 25 வயதில்தான் முதிர்கிறது. குதிரை பாய்கிறது, கடிவாளம் இன்னும் பின்னி முடியவில்லை! 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்காதே என்று தமிழகத்தில் விதி இருப்பது வீணுக்கா?

ஆகவே, மகனைத் தூற்றாதீர். எந்தக் கவலை, எவர் கூட்டு, எந்தத் தெரு என்று கேளுங்கள். தெருவை மாற்றுங்கள், ஆடுகளமும் படிப்பகமும் காட்டுங்கள். தேவையெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். குடிக்கக் கற்ற மூளை, விடவும் கற்கும்!