கூட்ட அறைக் கருவி திறக்க மறுத்தால்...



சென்ற மாதம் ஒரு நிறுவனத்தின் கிளை அலுவலகத்தில், உளுந்து விலை பேசி முடிக்க எங்களில் சிலரை அழைத்திருந்தார்கள். மேலாளர் வெளியூரிலிருந்து வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. ஆனால் மேஜை மேலிருந்த கருவி, லாகின் ஆகவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. முக்கால் மணி நேரம் காத்திருந்து எழுந்து வந்தோம். மறுநாள் பேசியபோது விலை ஏறிவிட்டது. நஷ்டம் எங்களுக்குத்தான்.

இன்று சங்க அலுவலகங்களிலும் பெரிய கடைகளிலும் இத்தகைய கருவிகள் வந்துவிட்டன. எனவே விவரம் அறிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே தருகிறேன். பலரும் வைத்திருக்கும் மைக்ரோசாப்ட் டீம்ஸ் கருவியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

இக்கருவி முதலாளி பெயரிலோ மேனேஜர் பெயரிலோ திறப்பதில்லை. கூட்ட அறைக்கென்றே தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் உண்டு. கோளாறு வந்தால், முதலில் அதே கணக்கை ஒரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். அங்கும் மறுத்தால் கோளாறு கணக்கில் இருக்கிறது. அங்கே திறந்தால் பெரும்பாலும் கருவியிலோ இன்டர்நெட் இணைப்பிலோ இருக்கும்.

கணக்கில் பார்க்க வேண்டியவை:

1. பாஸ்வேர்டு காலாவதி. 90 நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று சில இடங்களில் விதி வைத்திருப்பார்கள். ஆள் என்றால் மாற்றிக்கொள்வார். கருவி என்ன செய்யும்? எங்கள் கூட்டத்தைக் கெடுத்தது இதுவே. அறைக் கணக்குக்கு மட்டும் காலாவதியை நீக்கி, நீளமான பாஸ்வேர்டாக வைக்கச் சொல்லுங்கள்.

2. செல்போன் ஒப்புதல். பாஸ்வேர்டு போட்டபின் செல்போனிலும் சரிபார்க்கும் முறை அறைக் கணக்குக்கு ஒத்துவராது. அதை நீக்கி, அலுவலக இணைப்பிலிருந்து மட்டுமே திறக்கும்படி கட்டுப்பாடு வைப்பது நல்லது.

3. லைசென்ஸ். ஆளுக்கு வாங்கிய லைசென்ஸ் கருவிக்குச் செல்லாது. 'டீம்ஸ் ரூம்ஸ்' லைசென்ஸ் தனியாக வேண்டும். இதில் 'பேசிக்' வகை 25 கருவிகள் வரை இலவசம். 'புரோ' வகைக்குக் கட்டணம் உண்டு.

கருவியில் தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். நேரம் தவறினால் பாதுகாப்புச் சான்றுகள் ஒத்துப்போகாமல் கதவு திறக்காது. இணைப்பைச் சோதித்து, கருவியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

சில கருவிகள் திரையில் ஒரு குறியீட்டைக் காட்டி, அதை வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ பதியச் சொல்லும். அது 15 நிமிடமே செல்லும். பதியும்போது அறைக் கணக்கையே கொடுக்க வேண்டும். கவனமின்றி உங்கள் சொந்தக் கணக்கைக் கொடுத்தால், சில கருவிகள் உங்கள் பெயரில் திறந்து, உங்கள் சந்திப்பு விவரங்கள் எல்லோர் கண்ணிலும் படக்கூடும்.

இதில் ஒரு மோசடியும் நடக்கிறது. கூட்டத்துக்கு அழைப்பதுபோல் ஒரு குறியீட்டை அனுப்பி, பதியச் சொல்வார்கள். பதிந்தால் உங்கள் கணக்கு அவர்கள் கைக்குப் போய்விடும். இதுபற்றி 2025 பிப்ரவரியில் மைக்ரோசாப்ட் நிறுவனமே எச்சரித்தது. கண்முன் உள்ள கருவி காட்டும் குறியீட்டைத் தவிர, வேறெவர் அனுப்பியதையும் பதியாதீர்கள்.

கடை திறக்கும் முன் தராசைச் சரிபார்க்கிறோம் அல்லவா? அதுபோல் கூட்டத்துக்கு முந்தைய நாளே கருவியைத் திறந்து பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். ஒரு நாள் வியாபாரம் மிஞ்சும்.