கருனி நினைவகத்தைப் பாதுகாப்பாகப் படித்தல்

கருனி நினைவகத்தைப் பாதுகாப்பாகப் படித்தல் என்பது, இயங்குதளத்தின் கருனி தனது முகவரி வெளியிலுள்ள ஓர் இடத்தைப் படிக்கும்போது, அம்முகவரி செல்லாததாக இருப்பினும் கணினி நிலைகுலையாமல், பிழை எண்ணொன்றுடன் மீளும் வகையில் அமைந்த நுட்பங்களைக் குறிக்கும். வழுநீக்கிகள், தடமறி கருவிகள், நிலைகுலைவு அறிக்கை தயாரிக்கும் நிரல்கள் ஆகியவற்றுக்கு இது இன்றியமையாதது. இக்கட்டுரை பெரும்பாலும் லினக்ஸ் கருனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை விளக்குகின்றது.

பின்னணி

பயனர் நிரலொன்று செல்லாத முகவரியைப் படித்தால், கருனி அந்நிரலை மட்டும் நிறுத்திவிடும். ஏனைய நிரல்கள் தொடர்ந்து இயங்கும். கருனியே அவ்வாறு படித்தால் அதனைத் திருத்த மேலே வேறு மென்பொருள் இல்லை. லினக்ஸ் இந்நிலையில் "ஊப்ஸ்" எனப்படும் அறிக்கையை வெளியிட்டு, பிழை செய்த பணியை நிறுத்த முயலும். அப்பணி பிடித்திருந்த பூட்டுகள் விடுவிக்கப்படாமல் போகலாம் என்பதால் கணினி பின்னர் உறைந்துபோகவும் கூடும். விண்டோஸ் இயங்குதளம் நீலத்திரையுடன் நின்றுவிடும்.

2024 சூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கான இற்றைப்படுத்தல் ஒன்று இதன் விளைவை உலகறியச் செய்தது. 20 உள்ளீடுகள் மட்டுமே இருந்த அணியில் 21 ஆவது உள்ளீட்டைக் கருனி நிலையில் இயங்கிய நிரல் படிக்க முற்பட்டது. ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது.

முன்கூட்டியே சோதித்தல் ஏன் போதாது

முகவரி செல்லுமா என்று முதலில் சோதித்துப் பின்னர் படிப்பது எளிய வழியாகத் தோன்றும். ஆயினும் சோதனைக்கும் படித்தலுக்கும் இடைப்பட்ட நேரத்தில், வேறொரு செயலியில் இயங்கும் நிரல் அப்பக்கத்தை நீக்கிவிடலாம். விண்டோஸில் உள்ள எம்எம்இஸ்அட்ரஸ்வேலிட் என்னும் செயற்கூற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று மைக்ரோசாஃப்ட் ஆவணங்கள் அறிவுறுத்துவது இக்காரணத்தாலேயே. விண்டோஸ் 8.1 முதல் கிடைக்கும் எம்எம்காப்பிமெமரி செயற்கூறு, படிக்க இயலாதபோது பிழை எண்ணைத் திருப்பித் தருகின்றது.

எனவே பிழை நேராது என்று உறுதிசெய்வதை விட, பிழை நேர்ந்தால் மீள்வதற்கு முன்னேற்பாடு செய்வதே சரியான வழியாகும்.

விதிவிலக்கு அட்டவணை

1996 இல் தொடங்கிய லினக்ஸ் 2.1 வரிசையில், பயனர் முகவரிகளை ஒவ்வொரு முறையும் சோதிக்கும் பழைய முறைக்கு மாற்றாக விதிவிலக்கு அட்டவணை அறிமுகமானது. இதன் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு விவரங்கள் உள்ளன: பிழை விளைவிக்கக்கூடிய ஆணையின் இருப்பிடம், பிழை நேர்ந்தால் தாவ வேண்டிய மீட்பு நிரலின் இருப்பிடம். இது செயற்படும் முறை பின்வருமாறு:

1. குறிப்பிட்ட ஆணை செல்லாத முகவரியைப் படிக்க முயல்கின்றது.
2. செயலி பக்கப் பிழையை எழுப்பி, கட்டுப்பாட்டைக் கருனியின் பிழை கையாளிக்கு மாற்றுகின்றது.
3. கையாளி, பிழை செய்த ஆணையை அட்டவணையில் தேடுகின்றது.
4. பதிவு இருந்தால், மீட்பு நிரலிலிருந்து இயக்கம் தொடர்கின்றது. பதிவு இல்லையெனில் ஊப்ஸ் ஏற்படும்.

பிழை நேராத பொழுது இம்முறையால் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை.

லினக்ஸ் செயற்கூறுகள்

கருனி முகவரிகளைப் படிப்பதற்கான ப்ரோப்_கெர்னல்_ரீட் செயற்கூறு 2008 இல் வெளியான 2.6.26 பதிப்பில் இடம்பெற்றது. 2020 இல், 5.8 பதிப்பில், இது காப்பி_ஃப்ரம்_கெர்னல்_நோஃபால்ட் எனப் பெயர் மாற்றப்பட்டது. இது முதலில் முகவரி ஏற்கத்தக்க வரம்பில் உள்ளதா என்று பார்க்கின்றது. இல்லையெனில் -34 என்னும் பிழை எண்ணைத் தருகின்றது. பின்னர் பக்கப் பிழையின்போது காத்திருப்பதைத் தடைசெய்துவிட்டுப் படிக்கின்றது. ஆதலால் குறுக்கீட்டுச் சூழலிலும் இதனை அழைக்கலாம். படிக்கும்போது பிழை நேர்ந்தால் -14 கிடைக்கும். வெற்றி பெற்றால் 0 கிடைக்கும்.

பயனர் நிலையிலிருந்து படித்தல்

உரிய உரிமை பெற்ற பயனர், /ப்ராக்/கேகோர் கோப்பின் வழியாக இயங்கும் கருனியின் நினைவகத்தை ஜிடிபி போன்ற வழுநீக்கியால் பார்வையிடலாம். படிக்க இயலாத பகுதிகளுக்கு இக்கோப்பு சுழியங்களைத் தருவதுண்டு. ஆகவே சுழியத்தைக் காண்பவர், அது நினைவகத்தில் உண்மையாகவே உள்ள மதிப்பு என்று உடனே முடிவு செய்தல் கூடாது. முன்பு வழக்கிலிருந்த /டெவ்/கேமெம் 2021 இல், 5.13 பதிப்பில் நீக்கப்பட்டது.

வரம்புகள்

- சாதனங்களின் பதிவகங்கள் நினைவக முகவரிகளாகத் தோன்றலாம். அவற்றைப் படித்தாலே சாதனத்தின் நிலை மாறக்கூடும். இங்கு பக்கப் பிழை எழாததால் அட்டவணை உதவாது.
- விடுவிக்கப்பட்ட நினைவகம் பெரும்பாலும் செல்லும் முகவரியாகவே நீடிக்கும். படித்தல் வெற்றி பெறினும் கிடைக்கும் தரவு பொருளற்றதாக இருக்கலாம்.
- பூட்டு இல்லாமல் படிப்பதால், பாதி பழையதும் பாதி புதியதுமான மதிப்புகள் கிடைக்கலாம்.
- பாதுகாப்பான செயற்கூற்றிலும் ஓட்டைகள் இருந்ததுண்டு. எக்ஸ்86 கணினிகளில் விசிஸ்கால் பக்கம் கருனியின் முகவரி வரம்பில் இருப்பினும், பிழை கையாளி அதனைப் பயனர் முகவரியாகவே நடத்தியது. இதனால் அதனைப் படிக்க முயன்றபோது ஊப்ஸ் ஏற்பட்டது. 2024 இல் அப்பக்கம் ஏற்கத்தகாத முகவரியாக அறிவிக்கப்பட்டது.

சுருங்கக் கூறின், இந்நுட்பம் கணினி நிலைகுலைவதைத் தவிர்க்க உதவுகின்றது. படித்த மதிப்பு சரியானதா என்பதற்கு உறுதி அளிப்பதில்லை. அதனைச் சரிபார்ப்பது படிக்கும் நிரலின் பொறுப்பாகும்.