காந்தப் பாயமும் அதன் மாறுவீதமும்

பாயம் என்னும் கலைச்சொல் பாய்தல் என்னும் வினையடியாக அமைந்தது. இதற்கு நேரான இலத்தீன் சொல்லும் ஒழுகுதல் என்னும் பொருளுடைய வினையினின்றே தோன்றியது. ஆயினும் நிலைத்த காந்தத்தின் அருகே யாதொரு பொருளும் பாய்வதில்லை. ஒரு பரப்பைச் செங்குத்தாக ஊடுருவும் காந்தப் புலத்தின் மொத்த அளவே காந்தப் பாயம் எனப்படும்; அதன் அலகு வெபர். இச்சொல் தரும் மயக்கத்தால், பாயம் மிகுமிடத்து மின்னியக்கு விசையும் மிகும் என மாணவர் கருதுதல் உண்டு. இம்மயக்கத்தை வரைபடம் தெளிவாக நீக்கும்.

1831 ஆகஸ்டு 29ஆம் நாள் பாரடே இரும்பு வளையமொன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி ஆய்ந்தார். ஒன்றில் மின்னோட்டத்தைத் தொடுத்தபோதும் துண்டித்தபோதும் மட்டுமே மற்றதனோடு இணைந்த காந்த ஊசி அசைந்தது. இடைப்பட்ட நேரத்தில் அசைவின்றி நின்றது. ஆதலின் விளைவுக்குக் காரணம் பாயம் அன்று, பாயத்தின் மாற்றமே என்பது பெறப்படும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டாற் காண்போம். ஒரு சுற்றுடைய கம்பி வளையத்தில் பாயம் 2 நொடியில் சுழியிலிருந்து 0.06 வெபராகச் சீராக உயர்கின்றது. 3 நொடி மாறாது நிற்கின்றது. பின்னர் 1 நொடியில் சீராகச் சுழியாகின்றது. கிடை அச்சில் காலத்தையும் குத்து அச்சில் பாயத்தையும் குறித்தால் ஏறுகோடு, மட்டக்கோடு, இறங்குகோடு என மூன்று கோடுகள் தோன்றும். அவற்றின் சாய்வே மாறுவீதம். 1834இல் லென்சு கண்ட விதிப்படி, தூண்டப்படும் விசை மாற்றத்தை எதிர்ப்பதால் சாய்வின் குறி மாறும். எனவே மின்னியக்கு விசை முறையே –0.03, 0, +0.06 வோல்ட் ஆகும். பாயம் உச்சத்தில் நிற்கும் 3 நொடியிலும் விசை இல்லை என்பது கருதத்தக்கது. மேலும், இரண்டாம் வரைபடத்தில் அச்சின் கீழும் மேலும் அமையும் பரப்புகள் தம்முள் ஒத்திருத்தல் காண்க. பாயம் தொடங்கிய அளவிற்கே மீண்டமை இதனாற் புலப்படும்.

சீரான புலத்தில் ஒரே வேகத்தில் சுழலும் சுருளிலோ இரு வரைபடங்களும் அலை வடிவின. பாயம் உச்சமுறுங்கால் விசை சுழியாம். பாயம் சுழியாகுங்கால் விசை உச்சமுறும். நொடிக்கு 50 சுற்றாயின் இரு உச்சங்களுக்கும் இடையே கால் சுற்று, அஃதாவது 1/200 நொடி, வேறுபாடு உண்டு. சுழல் வேகம் இருமடங்காயின் பாயத்தின் உச்சம் மாறாது. விசையின் உச்சமோ இருமடங்காகும்.

ஆகவே பாய வரைபடத்தில் உயரத்தை நோக்காது சாய்வை நோக்குதல் வேண்டும். அளவு வேறு, அளவு மாறும் வீதம் வேறு என்னும் இத்தெளிவே மின்காந்தத் தூண்டலைக் கற்பார்க்கு முதற்படியாகும்.